கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றம்

ரொக்கம் கைமாறாமல், ஒருவர் வங்கிக் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குக் கைப்பேசி மூலம் பணம் செலுத்தும் முறை. விழுப்புரத்தை அடுத்த காணையில் டீக்கடைக்காரரிடம் ‘ஜிபே பண்ணிடுறேன்’ என்றால் போதும். எந்தச் செயலியில் அனுப்பினாலும் பேச்சில் அதற்கு அந்தப் பெயர்தான். அடியில் ஓடுவது 2016இல் வந்த யுபிஐ. அதன் உறுப்புகள் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. பணம் போய்ச் சேர்ந்ததற்கு யார் சாட்சி என்ற பழைய கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் கிடைத்த விடைகள் அவை.

அஞ்சல்துறை 1880இல் தொடங்கிய மணியார்டரில் அந்தச் சாட்சி ஒரு துண்டுச் சீட்டு. பெற்றவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்ததும் அது அனுப்பியவருக்கே திரும்பி வரும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடன் தொழில் செய்யப் போன நகரத்தார் எழுதிய உண்டியல் என்ற பணச் சீட்டில், எழுதிய கடையின் பெயரே பிணை.

இந்தியாவின் முதல் ஏடிஎம்மை 1987இல் ஹெச்எஸ்பிசி வங்கி மும்பையில் வைத்தது. பல ஆண்டுகள் வரை ஒரு வங்கியின் அட்டை பெரும்பாலும் அந்த வங்கியின் இயந்திரத்தில் மட்டுமே செல்லும். 2004இல் ஐதராபாத்தின் ஐடிஆர்பிடி நிறுவனம் தேசிய நிதி ஸ்விட்சைத் தொடங்கியதும் நிலை மாறியது. ஸ்விட்ச் என்பது வங்கிகளுக்கு நடுவே நிற்கும் கணினி: அட்டை தந்த வங்கியிடம் ‘இவர் கணக்கில் பணம் உண்டா’ என்று கேட்டு, பதிலை இயந்திரத்துக்குக் கொண்டு வரும். ஒன்றிரண்டு வங்கிக் கிளைகளே உள்ள ஊர்களுக்கு ஏடிஎம்மை விட இந்த இணைப்புதான் பெரிய வரவு என்று சொல்லலாம்.

2005இல் வந்த நெஃப்ட் பணத்தைத் தொகுதி தொகுதியாக அனுப்பியது. இரவிலும் விடுமுறையிலும் நகராது. அது இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கத் தொடங்கியது 2019 டிசம்பரில்தான். கைப்பேசியில் உடனுக்குடன் அனுப்பும் வழியைத் தேடியதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. சென்னை ஐஐடியின் கிராமத் தொழில்நுட்பத் தொழில் வளர்ப்பகமும் ஐடிஆர்பிடியும் சேர்ந்து 2006இல் இந்திய மொபைல் பணச் செலுத்துகை மன்றத்தை அமைத்தன. 2008இல் உருவான தேசியப் பணச் செலுத்துகைக் கழகமான என்பிசிஐ, 2010 நவம்பரில் ஐஎம்பிஎஸ் சேவையைத் தொடங்கியது. பணம் நொடிகளில் போனது, ஞாயிற்றுக்கிழமையும் போனது. ஆனால் பெறுபவரின் கைப்பேசி எண்ணோடு எம்எம்ஐடி என்ற ஏழு இலக்க எண்ணும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் வேண்டும். கடையில் நின்றுகொண்டு இதையெல்லாம் யார் கேட்டு எழுதுவார்கள்?

அந்தச் சிக்கலை அவிழ்த்தது யுபிஐ. 2016 ஏப்ரல் 11 அன்று அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் மும்பையில் அதைத் தொடங்கி வைத்தார். கணக்கு எண்ணுக்குப் பதில் ‘பெயர்@வங்கி’ என்ற வடிவில் ஒரு மெய்நிகர் முகவரி. செயலியை முதன்முறை பதியும்போது அது தானாகவே ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். வங்கியில் கொடுத்த எண்ணும் கையிலுள்ள சிம்மும் ஒன்றுதானா என்பதற்கான சோதனை அது. ரீசார்ஜ் தீர்ந்த சிம்மில் பதிவு தடுமாறுவது இதனால்தான். பிறகு பணம் அனுப்பப் பெரும்பாலும் பின் எண் வேண்டும். அதைச் சரிபார்ப்பது வங்கி, செயலி அல்ல. பணமும் செயலியில் தங்குவதில்லை. வாலட்டுக்கும் யுபிஐக்கும் உள்ள வேறுபாடு இதுவே: வாலட்டில் முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்க வேண்டும், யுபிஐயில் அது கணக்கிலேயே கிடக்கும். வாங்குபவர் கணக்கில் பற்று, விற்பவர் கணக்கில் வரவு, இரண்டுக்கும் நடுவே என்பிசிஐ. வங்கிகள் தங்களுக்குள் கணக்கு நேர் செய்வது பிறகு, நாளுக்குப் பல தவணைகளில்.

2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. டிசம்பர் 30 அன்று யுபிஐயில் இயங்கும் பீம் செயலி வெளியானது. நோட்டுத் தட்டுப்பாடு தீர்ந்ததும் பலர் ரொக்கத்துக்கே திரும்பினார்கள். 2019 அக்டோபரில்தான் யுபிஐ பரிமாற்றங்கள் முதன்முறையாக ஒரே மாதத்தில் 100 கோடியைத் தாண்டின. 2023 ஆகஸ்டில் 1000 கோடியை. யுபிஐ வளர்ச்சி முழுவதையும் நோட்டுத் தடையின் கணக்கில் எழுதுவது சரியாகாது.

சிறுகடைக்குள் யுபிஐயைக் கொண்டு சேர்த்தது கியூஆர் குறியீடு. 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு கார் உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கிய கட்டம் அது. ஸ்வைப் இயந்திரத்துக்கு விலையோ வாடகையோ உண்டு, ஒவ்வொரு விற்பனையிலும் எம்டிஆர் என்ற கழிவும் போகும். கியூஆர் அச்சடித்த அட்டைக்குச் செலவே இல்லை; யுபிஐக்கான எம்டிஆரும் 2020 ஜனவரி 1 முதல் பூஜ்யம். ஆனால் அட்டை பேசாது. கூட்ட நேரத்தில் ‘அனுப்பிட்டேன் அண்ணே’ என்று போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நகர்பவரை எண்ணெய்க் கையோடு வடை போடுபவர் எப்படிப் பிடிப்பார்? அதற்கு வந்தது சவுண்ட்பாக்ஸ். தன் சிம் வழியாக வங்கித் தரப்புச் செய்தியைப் பெற்று, வந்த தொகையைத் தமிழிலேயே உரக்கச் சொல்லும் சின்ன ஒலிபெருக்கி.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு இருப்பது ஏஇபிஎஸ் என்ற ஆதார் வழி முறை. வங்கி முகவரோ தபால்காரரோ கொண்டுவரும் கருவியில் விரலை வைத்தால் பணம் எடுக்கலாம். நூறு நாள் வேலைக் கூலிக்கு 2024 ஜனவரி 1 முதல் ஆதார் இணைத்த கணக்கு கட்டாயமானது. கரும்பு வெட்டியும் களை பிடுங்கியும் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி பலமுறை ஏற்பதில்லை. உடலையே சாட்சியாக்கிய முறை, அதிகம் உழைத்த உடலிடம்தான் அதிகம் தடுமாறுகிறது. பட்டன் போன்களுக்கான யுபிஐ 123பே 2022 மார்ச்சில் வந்தது.

மோசடிக்கு வாய்ப்பான கதவாக இருந்தது, பணம் கேட்டு அனுப்பும் ‘கலெக்ட்’ கோரிக்கை. பணம் வரப்போகிறது என்று நம்பவைத்துப் பின் எண்ணைப் போடச் செய்வார்கள். பணம் வருவதற்குப் பதில் போய்விடும். பணம் பெறப் பின் எண் தேவையே இல்லை. தனிநபர்களுக்கிடையேயான கலெக்ட் கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்தியது. மோசடி ஏதும் இல்லாமலே, கணக்கில் பற்று விழுந்தும் எதிர்க்கணக்கில் ஏறாமல் தொங்கும் தொகைக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு வைத்தது: தனிநபருக்கு அனுப்பியதானால் மறுநாளுக்குள், கடைக்குச் செலுத்தியதானால் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. புகார் கொடுக்காவிட்டாலும் வங்கி அதைத் தானாகவே கணக்கில் வைக்க வேண்டும்.