வெள்ளைப் பந்தும் கறுப்புப் பந்தும்

பசித்தவனுக்குச் சோறு வேண்டும். பாட்டும் படமும் எதற்கு? கலையைப் பற்றி நாம் பேசத் தொடங்கும்போதெல்லாம் எதிரே வந்து நிற்கும் கேள்வி இது. ஒதுக்கத்தக்க கேள்வியன்று. விடைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனின் வரலாற்றைப் புரட்டுவோம்.

வாணிகத்தால் கொழுத்த நகரம் அது. மாளிகைகள் உயர்ந்தன, கோபுரங்கள் ஓங்கின. அதே நகரின் தெருவோரங்களில் பச்சிளங்குழந்தைகள் எறியப்பட்டுக் கிடந்தன. சில உயிரோடு, சில உயிரற்று! பெற்றவள் கொடியவளா? அல்லள். வறுமை வாட்டியதால் கைவிட்டவள் ஒருத்தி. மணமாகாமல் தாயானதால் வேலையும் வீடும் இழந்தவள் மற்றொருத்தி. ஏமாற்றியவன் மறைந்துகொண்டான், ஏமாந்தவள் தலையில் பழி முழுதும் விழுந்தது. பேழையிலிட்டு ஆற்றில் விடப்பட்ட கர்ணன் கதை நம் நாட்டார் அறிந்ததே. அவன் கரை சேர்ந்தான். காவியத் தலைவருள் ஒருவனானான். கரை சேராத பேழைகளைப் பாடிய புலவர் யார்?

அக்குழந்தைகளைக் கண்டு நெஞ்சு துடித்தவர் தாமஸ் கோரம். கடலில் உழைத்தவர், அமெரிக்காவில் கப்பல் கட்டும் தொழில் நடத்தித் திரும்பியவர். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இல்லம் வேண்டுமென்று பதினேழு ஆண்டுகள் படி ஏறி இறங்கினார். ‘இல்லம் அமைத்தால் ஒழுக்கக்கேடு பெருகும்’ என்றனர் ஒழுக்கத்தின் காவலர்! தெருவில் குழந்தை செத்தால் கெடாத ஒழுக்கம், தொட்டிலில் வளர்ந்தால் கெட்டுவிடுமாம். உயர்குடிப் பெண்டிர் 21 பேர் கோரமின் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டபின்தான் காற்றுத் திசை மாறியது. 1739 அக்டோபர் 17 அன்று மன்னர் இரண்டாம் ஜார்ஜின் பட்டயம் கிடைத்தது. 1741 மார்ச் 25 இரவு கதவு திறந்தது. முப்பது குழந்தைகள் உள்ளே வந்தன.

இங்கேதான் கலை வருகிறது. இலண்டனின் சீர்கேடுகளை ஈவு இரக்கமின்றித் தீட்டிய ஓவியர் வில்லியம் ஹோகார்த், இல்லத்தின் ஆளுநர்களுள் ஒருவரானார். பெருங்குடியினரைத் தீட்டும் பெருமித முறையில் 1740இல் கோரமைத் தீட்டி, அப்படத்தை இல்லத்துக்கே வழங்கினார். ராம்சே, ரெய்னால்ட்ஸ், கெயின்ஸ்பரோ முதலிய ஓவியரும் தம் படைப்புகளைக் கொடையாகத் தந்தனர். பொதுமக்கள் சென்று காணத்தக்க ஓவியக்கூடம் அந்நாட்டில் இல்லாத காலம் அது. படம் பார்க்க வந்தவர்கள் குழந்தைகளையும் பார்த்தார்கள். தெருவில் கண்டபோது முகம் திருப்பிய கண்கள், இங்கே திரும்ப வழியின்றி நின்றன!

ஓவியர்க்குப் பின் இசைவாணர் ஹேண்டல் வந்தார். 1749இல் இல்லத்துக்காக இசை விருந்து நடத்தினார். 1750இல் தம் ‘மெசையா’ என்னும் இசைப் படைப்பை அங்கே நிகழ்த்தினார். அது ஆண்டுதோறும் தொடர்ந்தது. அதனால் இல்லத்துக்குக் கிடைத்த தொகை ஏறத்தாழ 7,000 பவுன். பாட்டு சோறு போடுமா என்போர்க்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

ஆனால், தோழர்களே, கதை இத்துடன் முடியவில்லை. வந்த குழந்தைகள் பல. இருந்த இடம் சில. 1742இல் ஒரு முறை வகுத்தனர். குழந்தையைச் சுமந்து வந்த தாய் ஒரு பைக்குள் கைவிட்டு ஒரு பந்தை எடுக்க வேண்டும். வெள்ளைப் பந்து வந்தால், நோயில்லாத குழந்தைக்கு இடம் உண்டு. கறுப்புப் பந்து வந்தால் திரும்ப வேண்டியதுதான். சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும்! இடம் பெற்றவளும் சிரித்துச் சென்றாளில்லை. என்றேனும் மீட்க வந்தால் அடையாளம் காட்ட ஒரு துணித்துண்டையோ தேய்ந்த நாணயத்தையோ விட்டுச் சென்றாள். அத்தகைய துணித்துண்டுகள் ஆயிரக்கணக்கில் பழைய பதிவேடுகளில் இன்றும் உள்ளன. குழந்தைக்கோ அங்கே வேறு பெயர் சூட்டப்பட்டது; தாய் இட்ட பெயரும் தங்கவில்லை.

1756இல் நாடாளுமன்றம் பொருள் தந்தது. வந்த குழந்தைகளையெல்லாம் ஏற்கப் பணித்தது. 1760 வரை ஏறத்தாழ 15,000 குழந்தைகள் வந்தன. அவற்றுள் மூன்றில் இரு பங்குக்கு மேல் மாண்டன. செலவைக் கண்ட அரசு கையை இழுத்துக்கொண்டது. மீண்டும் கதவு குறுகியது. பிற்காலத்திலோ, தாய் ‘நன்னடத்தை உடையவள்’ என்று மெய்ப்பித்தால்தான் பிள்ளைக்கு இடம்! தந்தையின் நடத்தைக்குச் சான்று கேட்டவர் யார்?

ஓவியரையும் இசைவாணரையும் நாம் குறை கூறவில்லை. நெஞ்சங்களைத் திறக்கக் கலையால் முடியும். பணப்பைகளையும் திறக்க முடியும் என்று அவர்கள் காட்டினர். ஆனால் இரக்கம் கொடுப்பவன் கையிலிருக்கிறது. அவன் கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். உரிமையோ பிறந்தவனிடமே இருக்கிறது. அதற்குப் பந்து எடுக்க வேண்டியதில்லை.

அந்த உரிமையை உலகம் எழுத்தில் வடிக்க 1948 வரை காத்திருந்தது. மணவாழ்வில் பிறந்தாலும் புறத்தே பிறந்தாலும் எல்லாக் குழந்தைக்கும் சமூகப் பாதுகாப்பு ஒன்றே என்கிறது மனித உரிமைப் பேரறிக்கையின் 25ஆம் பிரிவு. மணவாழ்வுக்குப் புறத்தே பிறந்த பிள்ளைக்கும் பெற்றோர் சொத்தில் பங்கு என்று இங்கிலாந்துச் சட்டம் ஒப்பியது 1969இல். பட்டயத்துக்கும் சட்டத்துக்கும் இடையே 230 ஆண்டுகள்!

அவ்வறநிலையம் கோரமின் பெயரைத் தாங்கி இன்றும் வாழ்கிறது. ஓவியங்களுக்கு 2004இல் தனி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நிலையமோ குழந்தைகளின் உரிமைக்காகச் சட்ட உதவி அளிக்கிறது. பந்துப் பை இருந்த கையில் இப்போது சட்டப் புத்தகம்!

நாடகம் எழுதும் இளைஞரும் மேடையில் பாடும் இளைஞரும் இவ்வரலாற்றைக் கற்கவேண்டும். கண்ணீர் வரவழைப்பது கலைக்குப் பெருமைதான். ஆனால் கண்ணீர் காய்ந்தபின் எந்தச் சட்டம் மாறிற்று, எந்தக் கதவு எல்லார்க்கும் திறந்தது என்று கேட்கும் துணிவும் கலைஞனுக்கு வேண்டும். அதுவரை எங்கோ ஒரு தாய் பைக்குள் கைவிட்டு நடுங்கிக்கொண்டுதான் இருப்பாள்.