ஒரே கொல்லையில் சிறுவிடையும் பெருவிடையும்



சின்னக் கோழியையும் பெரிய கோழியையும் ஒரே கூட்டமாக வளர்க்கலாமா? நம் பாட்டிமார் வளர்த்தார்கள். ஏன் வளர்த்தார்கள், எப்படிச் சமாளித்தார்கள் என்பதைக் கொஞ்சம் வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்போம்.

கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. தென்கிழக்கு ஆசியாவிலே நெல் விளைந்த இடங்களில், சிந்திய தானியத்தைத் தேடி வந்து, சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன்பு அது மனிதனோடு ஒட்டிக்கொண்டது என்று இன்றைய ஆராய்ச்சி சொல்கிறது. நம்ம தெற்கத்திக் காடுகளில் இருக்கிற சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதிலே பங்கு உண்டு. கோழிகளின் மஞ்சள் தோல் அதன் வழியாக வந்தது என்பது 2008ல் தெரியவந்தது.

பிறகு ஊருக்கு ஊர், தேவைக்குத் தக்கபடி கோழி பெரிதாகவும் சிறிதாகவும் பிரிந்தது. ஜாவாத் தீவிலே பான்டம் என்று ஒரு பழைய துறைமுகம். அங்கே ஐரோப்பியக் கப்பல்காரர்கள் வாங்கிப்போன குட்டிக் கோழிகளுக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது உலகம் முழுக்கக் குள்ளக் கோழி என்றால் பான்டம்தான்.

நம் தமிழ்நாட்டிலே இதற்குச் சொந்தப் பெயரே இருக்கிறது. சின்னது சிறுவிடை, பெரியது பெருவிடை. சிறுவிடைப் பெட்டை ஏறக்குறைய ஒன்று, ஒன்றேகால் கிலோ நிற்கும். பெருவிடைச் சேவல் மூன்று, நாலு கிலோ வரும். பெருவிடை சண்டைச் சேவல் வழியில் வந்தது. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்திலே சண்டைக் கோழிக்கு நட்ட நடுகல் ஒன்று இருக்கிறது. சுமார் 1,500 ஆண்டுப் பழமை. கோழியின் உருவத்தோடு, அது எந்தச் சேரிக் கோழி என்பதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அவ்வளவு பெருமை பெருவிடைக்கு!

சிறுவிடைக்கு யாரும் கல் நடவில்லை. ஆனால் குடும்பத்தைக் காப்பாற்றியது அதுதான். பெருவிடைப் பெட்டை கனம். அடை உட்கார்ந்தால் சில சமயம் முட்டையை மிதித்து உடைத்துவிடும். சிறுவிடையோ இருபத்தொரு நாளும் பொறுமையாக உட்காரும். பருந்து வட்டமிட்டால் குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் பெருவிடை முட்டையைச் சிறுவிடைக்கு அடை வைத்தார்கள். பெரியது எடைக்கு, சின்னது தாய்மைக்கு. இரண்டையும் சேர்த்து வைத்ததன் சூட்சுமம் இதுதான்.

அப்புறம் சீமைக் கோழி வந்தது. 1920களில் மார்த்தாண்டத்திலே ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஊர்ப்புற மையம் வெள்ளை லெகார்ன் கோழியைப் பரப்பி, முட்டையைக் கூட்டாக விற்கவும் கற்றுக்கொடுத்தது. லெகார்ன் நிறைய முட்டை இடும், அடைக்கு உட்காராது. பின்னாளில் பொரிப்பான் இயந்திரம் வந்து, நாமக்கல் பண்ணைகள் பெருகியபோது, தாய்க்கோழிக்கு வேலை இல்லை என்று நினைத்துவிட்டோம்.

நோயும் பெரிய அடி கொடுத்தது. 1927ல் இமயமலைப் பகுதி ராணிக்கேத்திலே கண்டறிந்த நோய்தான் நாம் வெள்ளைக் கழிச்சல் என்பது. வந்தால் சின்னது, பெரியது பார்க்காது. ஒரே நாளில் கூடையைக் காலி செய்துவிடும். ராணிப்பேட்டை நிலையத்துத் தடுப்பூசி வந்த பிறகுதான் மூச்சுவிட முடிந்தது.

நம்ம பக்கத்துக்கு இன்னொரு மாற்றமும் வந்தது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் வந்தன. களத்து மேடெல்லாம் மனையாச்சு. முன்பு பரந்து மேய்ந்த கோழி இப்போது அரை கிரவுண்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் சின்னது ஓடித் தப்பித்தது. அடைப்புக்குள் எங்கே ஓடும்? பெருவிடை கொத்தித் துரத்தும், தீனியை மறிக்கும். பெருஞ்சேவல் மிதித்தால் சிறு பெட்டையின் முதுகும் விலாவும் கிழிந்துபோகும்.

ஆகவே சேர்த்து வளர்ப்பவர்கள் நாலு காரியம் செய்ய வேண்டும்.

ஒன்று, தீனி. பெரிய கோழி நுழைய முடியாத இடைவெளி விட்டுச் சட்டம் அடித்து, அதற்குள் சிறுவிடைக்குத் தனித் தட்டு வையுங்கள். தண்ணீரும் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

இரண்டு, படுக்கை. பெருவிடைக்குத் தாழ்வான கட்டை போதும். உயரத்திலிருந்து குதித்தால் பாதம் வீங்கிப் புண்ணாகும். சிறுவிடைக்கு மேல் கட்டை.

மூன்று, புதுக் கோழி. சந்தையில் வாங்கியதை மூன்று வாரம் தள்ளி வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே கூட்டத்தில் விடுங்கள். ராத்திரி இருட்டில் விட்டால் சண்டை குறையும். குஞ்சுக்கு 7ஆம் நாள் சொட்டு மருந்து, 8ஆம் வாரம் ஊசி. கால்நடைத் துறை நடத்துகிற கோழிக்கழிச்சல் முகாமையும் தவறவிடாதீர்கள்.

நான்காவதுதான் முக்கியம்: சேவல். பெருஞ்சேவலைச் சிறு பெட்டைகளோடு விடாதீர்கள். பெட்டைக்குக் காயம் மட்டுமா? பிறப்பதெல்லாம் கலப்பாகி, மூன்று நாலு தலைமுறையில் அசல் சிறுவிடை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. எட்டு, பத்துச் சிறுவிடைப் பெட்டைக்கு ஒரு சிறுவிடைச் சேவல் வைத்துத் தனியாக அடையுங்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கும். அதனால் பிரித்து மூன்று வாரம் கழித்து இடுகிற முட்டையைத்தான் இனத்துக்கு எடுக்க வேண்டும். அடை வைக்கும்போது சிறுவிடையின் சொந்த முட்டை என்றால் பத்துப் பன்னிரண்டு, பெருவிடை முட்டை என்றால் ஏழெட்டு. அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது, கூமுட்டையாகிவிடும்.

கரண்ட் போனால் பொரிப்பான் நின்றுவிடும். அடைக்கோழி நிற்காது. பெருவிடைக்குக் கறிக்கடையில் விலை இருக்கிறது, அதை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். உங்கள் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய சிறுவிடையைத் தொலைத்துவிட்டால் எந்தக் கடையில் வாங்குவது? விதைநெல்லை வைக்கிற மாதிரி, வீட்டுக்கு ஒரு ஜோடியாவது அசலாக வையுங்கள்.