நீதிமானாக்கப்படுதல்

'விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல்' என்ற தொடர் பவுலின் ரோமர் நிருபத்தில் வேர்கொண்டது. அங்குள்ள கிரேக்க வினை 'டிகாயோ' நீதிமன்ற வாடை அடிப்பது: ஒருவரை நீதியுள்ளவர் என்று தீர்ப்புச் சொல்வது. லத்தீனில் 'யுஸ்டிஃபிகாரே' ஆனபோது 'ஆக்குதல்' சொல்லுக்குள்ளேயே வந்துவிட்டது. திருச்சபைத் தந்தை அகஸ்டினும் அப்படியே பொருள் கொண்டார். பாவி விடுவிக்கப்படுகிறானா, திருத்தப்படுகிறானா? கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தவாதி லூத்தரின் தரப்புக்கும் நடந்த சண்டை முழுவதும் இதில்தான். லூத்தர் 1522இல் ரோமர் 3:28ஐ ஜெர்மனில் பெயர்த்தபோது, மூலத்தில் இல்லாத 'மட்டுமே'யை 'விசுவாசத்தினால்' என்பதோடு சேர்த்தார், துணிச்சல்தான். 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம், நீதிமானாக்கப்படுதல் வெறும் பாவமன்னிப்பு அல்ல, உள்ளத்தின் புதுப்பிப்பும்கூட என்றது. 1999இல் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன், கத்தோலிக்கத் தரப்புகள் இரண்டும் இதுபற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. தமிழில் ஒரு வேடிக்கை: தீர்ப்பு என்றே வாதிட்ட லூத்தரின் வழிவந்த சபைகள் வாசிக்கும் பழைய விவிலியமே 'ஆக்கு' என்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியமோ 'நீதிமானை' விட்டு, 'கடவுளுக்கு ஏற்புடையவர்' என்பதைத் தேர்ந்துகொண்டது.