கோச்சடைக் கல்சுவரும் ஒரு முப்பத்தெட்டு வயது மாணவரும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "ஹாஸ்டல் மெஸ் பற்றி மட்டும் எழுதாதே, போன தடவை எல்லாரும் அதையே எழுதிட்டாங்க" என்று கண்டிப்பு. சரி, சாம்பாரை விட்டுவிடுகிறேன். மதுரையில் நான்கு வருடம் படித்தும் நம்மில் பலர் பார்க்காமலே போன ஒரு கட்டடத்தின் வரலாற்றைச் சொல்கிறேன். கூடவே என் கதையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். பொறுத்தருள்க.

சிவில் முடித்துப் பதினான்கு வருடங்கள் ஆகின்றன. தூண், பீம், ஸ்லாப் என்று ஓடிக்கொண்டிருந்தவனுக்கு, நாம் கட்டிக் கொடுத்துவிட்டு வருகிற அறைக்குள் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வி தாமதமாகத்தான் வந்தது. போன வருடம், உள் அலங்காரக் கலை படிக்க வெளிநாட்டில் ஒரு சிறு பள்ளிக்கு விண்ணப்பித்தேன். மாணவர்கள் மொத்தமே இருபது பேர்தான். பாடப்புத்தகம் கிடையாது. வரைமேசையும் பட்டறையும்தான் வகுப்பு. இடமும் கிடைத்துவிட்டது!

வீட்டில் இடி விழுந்தது. "முப்பத்தஞ்சு வயசாச்சு. புள்ளை ஸ்கூலுக்குப் போற வயசுல அப்பனும் ஸ்கூலுக்குப் போறானாம்" என்றார் அப்பா. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக் கடன் தவணை அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தாள். அவ்வளவுதான்.

அந்த வாரம் ஒரு திருமண வரவேற்புக்காகக் கோச்சடைக்குப் போனேன். மேலக்கால் ரோட்டில் இன்று ஹெரிடேஜ் மதுரை ஓட்டல் இருக்கும் வளாகம். மரங்களுக்கு நடுவே கருங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக ஒரு பழைய கட்டடம். கூட வந்த எங்கள் மேஸ்திரி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கத்துக் கல்லு மாதிரிதான் இருக்கு சார். ஆனா வச்ச கை வேற" என்றார். யாருடைய கை என்று விசாரித்தேன். ஜெஃப்ரி பாவா!

ஹார்வி மில் என்று நம் ஊர் சொல்லும் மதுரா மில்லோடு இணைந்த கோட்ஸ் நிறுவனத்தின் அதிகாரிகளுக்காக, 1971-க்கும் 1974-க்கும் இடையே அவர் கட்டிக் கொடுத்த மதுரை கிளப்தான் அது. அதே காலத்தில் சென்னை கன்னிமாரா ஓட்டலைப் புதுப்பித்ததும் அவரே.

பாவா 1919-ல் கொழும்பில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, பிறகு சட்டம் படித்து வக்கீலானார். தொழில் பிடிக்கவில்லை. ஊர் சுற்றிவிட்டு வந்து, 1948-ல் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கா என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதை ஓர் இத்தாலியத் தோட்டம் போல ஆக்க ஆசை. மண்ணை வெட்டவும் சுவரை நகர்த்தவும் மனம் துடித்தது, ஆனால் முறை தெரியவில்லை. கொழும்பின் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் அலுவலகத்தில் ரீட் என்பவரிடம் தொழில் பழகினார். 1952-ல் ரீட் இறந்துவிட, 1954-ல் லண்டனுக்குப் போய் ஏ.ஏ. எனப்படும் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் சேர்ந்தார். தன்னைவிடப் பதினைந்து வயது இளைய பிள்ளைகளோடு உட்கார்ந்து கோடு போட்டு, 1957-ல் தேறியபோது அவருக்கு வயது 38.

அந்தப் பள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1847-ல் தொடங்கியது. அரசாங்கக் கல்லூரி அல்ல. மாணவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கென ஆசிரியர் வைத்துச் சொல்லிக் கொடுக்கும் முறையை 1930-களிலேயே கொண்டுவந்தது. வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, எல்லார் முன்னாலும் நின்று பதில் சொல்ல வேண்டும். நம் வைவா நினைவுக்கு வருகிறதல்லவா? பாவாவுக்கு முன்பே கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா அங்கு படித்து, 1948-ல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தின் அசோசியேட் ஆன முதல் ஆசியப் பெண் என்ற பெயர் பெற்றார். ஊர் திரும்பி, கண்டியில் கட்டிய முதல் வீட்டுக்குள்ளேயே உள்ளூர் நெசவையும் சுடுமண் ஓட்டையும் கொண்டுவந்தார்.

பாவாவும் அப்படித்தான். லண்டனில் அவர் ஆய்வு எழுதியது பால்தசார் நாய்மன் என்ற ஜெர்மானியக் கலைஞரைப் பற்றி. திரும்பி வந்து கட்டியதோ முற்றமும் தாழ்வாரமும் வைத்த வீடுகள். இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய காலம் அது. கண்ணாடியும் இரும்பும் கிடைப்பது அரிது. இருக்கும் கல், மரம், ஓடு இவற்றை வைத்தே செய்தாக வேண்டும். கல்நார் சிமெண்ட் ஷீட்டைப் பரப்பி அதன்மேல் நாட்டோட்டைப் பதித்தார். ஷீட் மழையைத் தடுக்கும், ஓடு வெயிலைத் தடுக்கும். கல்நாரின் தீமை இன்று நமக்குத் தெரியும், அதை விட்டுவிடுவோம். யோசனை எவ்வளவு எளிது பாருங்கள்!

உள் அலங்காரம் என்று தனியாக அவர் எதையும் ஒட்டவில்லை. பெந்தோட்டை பீச் ஓட்டலின் வரவேற்புக் கூடத்துக் கூரையின் உட்புறத்தில் எனா டி சில்வாவின் பாத்திக் துணி. கொழும்பில் அவருடைய சொந்த வீடு, நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிணைத்தது. அதற்குள் நிற்பவை நம் செட்டிநாட்டுத் தூண்கள்!

பொறியாளர்களே, இனி நம் பங்கு. 1967 முதல் சுமார் இருபது ஆண்டுகள் பாவாவின் பங்குதாரராக இருந்தவர் டாக்டர் கே. பூலோகசுந்தரம், ஒரு தமிழ்ப் பொறியாளர். கோட்டையில் 1982-ல் திறந்த நாடாளுமன்றம் போன்ற பெரிய வேலைகள் நடந்தது அவர்களுடைய அலுவலகத்தில்தான். பாவாவின் பெயர் உலகெங்கும் தெரியும், 2001-ல் ஆகா கான் விருதும் வந்தது. பூலோகசுந்தரத்தின் பெயரை நம் வகுப்பில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

நிற்க. இந்த வரலாற்றை அப்பாவிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அந்த ஆளுக்கு ரப்பர் தோட்டம் இருந்துச்சு. உனக்கு என்னடா இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. 38 வயதில் மாணவனாக முடிந்ததற்கு ஆர்வம் பாதி, சொத்து பாதி. இதை மறைத்து யாரும் உங்களுக்கு அறிவுரை சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அப்பாவின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. எனக்குப் பதினான்கு வருட வேலை தெரியும். மேஸ்திரி இருக்கிறார். அந்த வருட இடத்தை விட்டுவிட்டேன். ஞாயிறுதோறும் ஒரு தச்சுப் பட்டறையில் போய் உட்காருகிறேன். உளி பிடித்ததில் கட்டைவிரலில் இரண்டு தையல். மாதம் ஒரு தொகை ஒதுக்குகிறோம், கணக்கு எழுதுவது மனைவி. 2 வருடம் கழித்து மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்று சொன்னதும் அவள்தான். அப்பா மட்டும் இன்னும் "பார்ப்போம்" என்ற நிலையில் இருக்கிறார்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டுக்குப் போங்கள், தாராளமாக. போகிறதுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கோச்சடைக்குப் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். கடல் கடந்து படித்துவிட்டு வந்தவர் கடைசியில் நம் பக்கத்துக் கல்லையும் நம் பக்கத்து ஆட்களின் கையையும்தான் நம்பினார்.