ஓலை விழுங்கிய இடைவெளி

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது எங்க ஊர் பிரம்மதேசம். சாலை போய்ச் சேரும் மரக்காணத்தில் கண்ணுக்கெட்டிய வரை உப்பளம்தான். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அதைப் பாடிய நத்தத்தனாரும் தூரத்து ஆள் இல்லை. கடற்கரையோடு வடக்கே போனால் வரும் இடைக்கழிநாட்டுக்காரர்.

அந்தப் பாட்டுக்கு 269 அடிகள். பைத்தான் படிக்கிற பலர் ஒரு ஜாயினுக்குள் இன்னொரு ஜாயினைப் பார்த்ததும் மிரள்வார்கள். நான் அவர்களுக்கு இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன். உள்ளிருந்து வெளியே படியுங்கள். உள் ஜாயின் ஓர் அடியின் சீர்களை நடுவில் இடைவெளி விட்டுக் கோக்கிறது. வெளி ஜாயின், அப்படிக் கோத்த அடிகளை வரிமாற்றக் குறியால் கோக்கிறது. 'பாட்டின் ஒவ்வோர் அடிக்கும்' என்று சுழலும் பகுதிதான் ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷன். 2004இல், பைத்தான் 2.4இல் வந்தது. சதுர அடைப்புக்குறி போட்டால் 269 அடியும் ஒரே மூச்சில் பட்டியலாகிவிடும். ஜெனரேட்டரோ கேட்கக் கேட்க ஒவ்வோர் அடியாகத் தரும்.

வேடிக்கை என்னவென்றால், ஜாயினுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மொத்த நீளம் தெரிந்தால்தான் அதற்கு இடம் ஒதுக்க முடியும். அதனால் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் சிபைத்தானில், எல்லா அடியையும் வாங்கி முதலில் பட்டியலாக்கிக்கொள்ளும். நினைவகம் மிச்சமாகும் என்று நம்பி இங்கே ஜெனரேட்டர் போடுவதில் பயனில்லை. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் ஒவ்வோர் அடியாகக் கோப்பில் எழுதிவிட வேண்டியதுதான்.

ஏடு எழுதியவர்கள் செய்ததும் ஜாயின்தான். ஆனால் வெற்றுச் சரத்தால் கோத்தார்கள். சொல்லுக்கு நடுவே இடம் விடுவதில்லை. அடி முடிந்தாலும் வரி மாறாது. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் இருக்காது. கோப்பது சுலபம், பிரிப்பது யார்? 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் முன்னால் இருந்த வேலை அதுதான்.

அவருக்குக் கைகொடுத்தவற்றில் உரையோடு யாப்பும் உண்டு. எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி. இதுவும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கோப்புதான். இடைவெளியை ஓலை விழுங்கிவிட்டாலும், எங்கே பிரிய வேண்டும் என்று ஓசை காட்டிக்கொடுத்தது.

நம் தரவுகளுக்கு அப்படி ஓர் ஓசை கிடையாது. வெற்று மேற்கோள்குறி போட்டு ஜாயின் எழுதும்போது, நாளைக்கு இதைத் திரும்பப் பிரிக்க முடியுமா என்று ஒரு தடவை யோசியுங்கள்.