கயிறும் கடனும்: பாக்குநீரிணைப் பாய்த்தோணிகளும் ஊவா மலைத்தொழிலாளரும்

தெமோதரைக்கும் கடலுக்கும் யாது தொடர்பு என்னும் வினா இயல்பானதே. 1921 இல் புகையிரதம் எட்டிய அம்மலையூரில், பாதை குன்றைச் சுற்றி வளைந்து நிலையத்தின் கீழேயே சுரங்கம் புகுந்து செல்வதைப் பார்க்க இன்றும் பயணிகள் வருகின்றனர். கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைக் கண்டே பொறியியலாளர் அவ்வளைவுக்கு வழி கண்டனர் என்றொரு கதையும் வழங்குகின்றது. கதையில் கங்காணிக்கேனும் இடம் கிடைத்தது. கல் சுமந்தோருக்கு அதுவுமில்லை. ஆயின் தண்டவாளம் வருவதற்கு மிக முன்னரே ஊவாவிலே தமிழ்த் தொழிலாளர் இருந்தனர். 1869 இல் கோப்பி இலைநோய் இலங்கையில் முதன்முதலாக இனங்காணப்பட்டது மடூல்சீமைத் தோட்டமொன்றிலேயாகும். அக்கோப்பிக் காலத்துத் தொழிலாளருட் பெரும்பாலோர் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழி நடந்து மலையேறியவர்கள். அவர்களைக் கரைசேர்த்தது பாய்த்தோணி.

நடைப்பயணத்தின் கொடுமை பற்றி நமது ஆய்வாளர் நிறையவே எழுதியுள்ளனர். தோணி பற்றிய கவனம் குறைவு. அதன் மரத்தையும் கயிற்றையும் யார் சோதித்தார், யாருடைய நலன் கருதிச் சோதித்தார் என்பதைத் தொழினுட்ப வினாவாக மட்டும் கொள்வதற்கில்லை; உற்பத்தி உறவுகள் பற்றிய வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகள் இருவகைப்படும். மரத்தை இருபுறமும் முன்னும் பின்னும் இழுத்து நிறுத்துவன ஒருவகை. பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் உதவும் ஓடுகயிறுகள் மற்றொருவகை. பாய் தொங்கும் குறுக்குமரம் பருமல். அதனை ஏற்றுவது ஆஞ்சான். பாயின் மூலையைக் கட்டுப்படுத்துவது தாமான். இவற்றுள் பெரும்பாலானவை தென்னைநாரால் முறுக்கப்பட்டவை. தென்னைநார் உப்புநீரைத் தாங்கும். ஆனால் இழுவையில் நீளும். நீண்ட கயிறு தளர, மரம் ஆடத் தொடங்கும். ஆதலின் நிறுத்துகயிறுகளை அடிக்கடி இறுக்கல் வேண்டும். கயிற்றின் கேடு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. புரியைச் சிறிது திருகி விரித்து உள்நாரைப் பார்த்தாலன்றி அறியவியலாது. மரமோ, நீர் தங்கும் அடிப்பகுதியிலும் இரும்புப்பூண் இறுகிய இடங்களிலுமே முதலில் உளுக்கும். கொட்டாப்பிடியால் தட்டி ஓசை கேட்டே தேர்ந்த தண்டையல் அதனைக் கண்டுகொள்வான். ஏட்டில் ஏறாத இவ்வறிவு உழைப்போர் கைவழி வந்ததாகும்.

இவ்வறிவின் பழமைக்குச் சான்று தேடுவோர் மதுரைக்காஞ்சியை நோக்கலாம். புயலில் அகப்பட்ட நாவாயை அப்பாட்டு உவமையாகக் காட்டுகையில், பிணித்த கயிறு அறுதலும், பாய் கிழிதலும், கூம்பு அடியோடு முறிதலும் அவ்வரிசையிலேயே கூறப்படுகின்றன. முதலிற் கயிறு, இறுதியில் மரம், அதுவும் அடியில்! புலவர் கடற்றொழிலாளர் வாய்மொழியைச் செவிமடுத்திருத்தல் வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். சங்கப் பாடல்களில் பாய்க்கு ‘இதை’ என்ற பெயருமுண்டு. பின்னர் நிலைத்த ‘பாய்’ என்னும் சொல் தரையில் விரிக்கும் ஓலைப்பாயையும் குறிப்பது; பழங்காலத் தோணிகள் ஓலைப்பாயையே விரித்தன என்பதுடன் இது இயைகின்றது. ‘தாமான்’ போன்றவை இந்துஸ்தானி வழியே மாலுமிகள் பேச்சிற் புகுந்தவை. தூய தமிழ் தேடும் அகராதிக்காரர் முகஞ்சுளிக்கலாம்; பல கரை மனிதர் ஒரே கயிற்றை இழுத்ததன் தடயம் அது.

இனி, அத்தோணியில் ஏறியவர் நிலையைக் காண்போம். தொழிலாளரின் கடற்கூலியும் வழிச்சோறும் கங்காணி கொடுத்த முன்பணத்திற் சேர்க்கப்பட்டுக் கடனாக எழுதப்பட்டன. தாம் ஏறிய தோணிக்குத் தாமே கடன்பட்டும், அதன் கயிற்றைக் குறித்து ஒரு சொல் கேட்கும் உரிமை அவர்க்கில்லை. தலைக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் உடைமையாளனுக்கு ஒரு தலை கூடினால் ஊதியம் கூடும். புதுக்கயிறு வாங்கினால் அவ்வூதியம் குறையும். நெரிசலின் கேடு எடை பற்றியது மட்டுமன்று. திடீர்க்காற்று அடிக்கும்போது தாமானை அக்கணமே நெகிழ்த்துப் பாயின் காற்றைக் கழித்தல் வேண்டும். மேற்றளமெங்கும் மனிதர் குந்தியிருக்கும் தோணியில் கயிறு அவர்கள் காலடியிலே கிடக்கும். எத்துணை நல்ல கயிறும் அப்போது பயன்படாது.

1864 இல் ‘ஆதிலட்சுமி’ என்ற கலம் கடலில் மூழ்கி 120 தொழிலாளர் மாண்டனர். மலையகத்தின் கூட்டு நினைவில் இன்றும் அழியாத பெயர் அது. ஏறத்தாழ அதே காலத்தில் பிரித்தானியாவிலும் பழுதுற்ற கப்பல்களில் அளவுக்கு மீறிப் பாரமேற்றி மாலுமிகளைச் சாகவிடும் வழக்கம் இருந்தது. காப்புறுதி பெற்றிருந்த உடைமையாளனுக்குக் கப்பல் மூழ்கினும் நட்டமில்லை. சாமுவேல் பிளிம்சொல் 1873 இல் நூலெழுதிக் கிளர்ச்சி செய்ததன் விளைவாக, 1876 இல் பாரக்கோடு பற்றிய சட்டம் வந்தது. ஒரு நல்ல மனிதரின் இரக்கம் என்று மட்டும் இதனை விளக்குவோர் உண்டு. அங்கே தொழிற்சங்கமும் வாக்குரிமை பெற்ற நகரத் தொழிலாளரும் இருந்தனர். பாக்குநீரிணையில் அவ்விரண்டும் இல்லை என்பதை அவர்கள் கருதுவதில்லை.

தமிழர் கப்பற்றொழிலே பின்தங்கியது, அதனாலேயே விபத்து நேர்ந்தது என்று வாதிடுவார்க்கு வல்வெட்டித்துறை விடை கூறும். அங்கு கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பலை, முன்னர் ‘ஸ்வாப்’ என்ற சிறு பாய்க்கலத்தில் உலகஞ்சுற்றிய அமெரிக்கர் வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாறிய அது, வல்வெட்டித்துறை மாலுமிகளையும் கொண்டு, 1938 இல் மசச்சூசெற்சின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. கைத்திறனிற் குறையில்லை, அத்திறன் எவருக்காக, எவ்வளவு செலவில் ஈடுபடுத்தப்பட்டது என்பதே வேறுபட்டது.

நார்க்கயிற்றின் இடத்தை இரும்புக் கம்பிவடம் பிடித்த வரலாறும் இத்தகையதே. 1834 இல் ஜேர்மனியின் கிளவுஸ்தால் சுரங்கத்தில் வில்லெம் அல்பேட் ஆக்கிய கம்பிவடம் விரைவில் ஐரோப்பியக் கப்பல்களின் நிறுத்துகயிறாயிற்று. இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில், மேல்மலைக் கொழுந்து மூட்டைகளைத் தொழிற்சாலைக்குக் கம்பியில் தொங்கவிட்டு இறக்கினர். தாமதித்த கொழுந்து கெடும், துரைக்கு நட்டம். எனவே கொழுந்துக்குக் கம்பி கிடைத்தது. அக்கொழுந்தைக் கிள்ளியவர்களின் முன்னோர், கம்பிவடம் கப்பலேறிய பின்னரும், நார்க்கயிற்றை நம்பியே கடல் கடந்திருந்தனர்.

1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே புகையிரதத்தோடிணைந்த நீராவிக்கப்பற் சேவை தொடங்கியது. 1924 இல் புகையிரதம் பதுளையை எட்டியது. ஆதிலட்சுமி மூழ்கிச் சரியாக நூறாண்டு கழிந்த 1964 இல், ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலைத்தொழிலாளர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். பாய்மரமில்லாத இரும்புக்கப்பல் அது. பயணத்தை முடிவுசெய்தோர் பட்டியலில் அப்போதும் அவர்கள் பெயரில்லை.