பிரித்த வீடும் ஒரு நோட்டுப் புத்தகமும்

காரைக்குடிப் பக்கம் போனால் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க. பழைய சாமான் கடைகள் இருக்கும். பித்தளை, பீங்கான், எனாமல் தூக்கு எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நிலை, கதவு, தூண், ஜன்னல். எல்லாமே ஏதோ ஒரு வீட்டைப் பிரித்து எடுத்தவை. எந்த வீடு? நான் கேட்டவரை, "இந்தப் பக்கத்து வீடுதான் சார்" என்பதற்கு மேல் பதில் வரலை.

இவ்வளவு பெரிய வீடுகள் ஏன் பிரிபட்டன என்பதற்கு பர்மா வரை போகணும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை கட்டிய வீடுகள்தான் அதிகம். பர்மா, மலேயா, இலங்கையில் செய்த கொடுக்கல் வாங்கலில் வந்த காசு. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. 1930களில் உலகம் முழுக்க மந்தம் வந்து நெல் விலை விழுந்ததும், கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை. அடமான நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் நாலில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம்! ஆனால் நிலம் காசாகலை. 1942ல் ஜப்பான் படை வந்தது. 1948ல் பர்மா விடுதலை பெற்றபின் நிலம் அரசுடைமை ஆனது. 1960களில் மிச்சமிருந்த தொழிலும் போச்சு.

வருமானம் நின்றது, வீடு நின்றபடியே இருந்தது. தலைமுறை கூடக்கூட பங்காளிகளும் கூடினார்கள். ஒரு ஓடு மாற்றணும்னாலும் எல்லாரும் சரி சொல்லணும். மழைத்தண்ணி அதுவரை காத்திருக்குமா? கடைசியில் பலர் பிரித்து விற்றார்கள். பழந்தேக்குக்கு எப்பவும் கிராக்கி உண்டு. 2014ல் மியான்மர் உருட்டு மரம் ஏற்றுமதியைத் தடை செய்தபின் கேட்கவே வேண்டாம்.

என் நண்பர் குடும்பம் இதையே வேறு மாதிரி செய்தது. ஒன்பது பங்காளிகள். பேசி முடிக்கவே இரண்டு வருஷம். இரண்டாங்கட்டின் கூரை விழுந்துவிட்டது. முகப்பும் வளவும் தேறும். அதனால் பின்னாடி இருப்பதைப் பிரித்து முன்னாடி போட முடிவு செய்தார்கள். உத்திரத்தில் ஆணியை எல்லாம் பிடுங்கின பிறகுதான் ரம்பம் வைத்தார் ஆசாரி. இல்லையென்றால் பல் போய்டும். சுவருக்குள் இருந்த முனைகள் இற்றுப்போனதால் வெட்டினார்கள். நீளம் குறைந்த உத்திரம் சின்ன அறைக்குப் போனது. முழுசாக வந்த ஆத்தங்குடிக் கற்கள் ஒரு அறைக்குத்தான் போதுமாக இருந்தன. உடைசல் தளத்துக்கு அடியில் போனது. பழைய பூச்சை மட்டும் காப்பாற்ற வழியில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணியில் புதுசாகச் சுண்ணாம்பு அரைத்தார்கள்.

எனக்குப் பெரிசாகப் பட்டது அவர்கள் வைத்திருந்த ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு மரத்திலும் நம்பர். எந்த அறையில் இருந்தது, இப்போ எங்கே போகுது, எல்லாம் அதில். நண்பரின் அம்மா சொன்னார்: "மரம் எங்க போனாலும் மரந்தான்ப்பா. எழுதி வச்சாத்தான் அது நம்ம வீட்டு மரம்."

இது ஆயிரம் வருஷத்துப் பழக்கம்! கொள்ளிடக் கரையில் திருமழபாடி. அங்கே சிவன் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் (சுமார் 1013) உத்தரவு போட்டான். பிரிப்பதற்கு முன்னால் சுவரில் உள்ள கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னான். மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. கோயிலுக்கு யார் எதைக் கொடுத்தார்கள் என்ற கணக்கு அந்தச் சுவரில்தானே இருந்தது. வெறுங்கல்லை மட்டும் காப்பாற்றி என்ன பிரயோசனம்?

எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது, நியாயந்தான். விற்கிறவர்களுக்கும் கஷ்டம் இருக்கு. ஆனால் உங்க தாத்தா வீட்டைப் பிரிக்கப்போறீங்கன்னா, கடப்பாரை வருவதற்கு முந்தின நாள் ஒரு நோட்டும் கேமராவும் எடுத்துட்டுப் போங்க. நிலையில் செதுக்கின பேர், வருஷம், அறை அளவு... எல்லாத்தையும் எழுதிடுங்க. அதற்கு எந்தப் பங்காளியும் கையெழுத்துப் போடத் தேவையில்லை.